தம்பி பீலிக்கரையை விட்டு வர மாட்டேங்கிறான், ஓசிடி பத்தித் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பீலிக்கரை
பெப்ரவரி 11, இரவு 9.52

எல்லாருக்கும் வணக்கம். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டம். தோட்டப் பேரையும் டிவிசனையும் போடல, மன்னிச்சுக்குங்க. லயத்துல, அதான் வரிசை வீட்டுல, ஒரு காம்பராவுல தும்மினா ஆறு காம்பராவுக்குக் கேக்கும்.

விசயம் தம்பியைப் பத்தி. 21 வயசு. ஏ.எல். முடிச்சிட்டு அட்டன்ல ஒரு போன் கடையில வேலை செய்யுறான். போன ஆவணியில ஒரு ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது இருட்டுல ஒரு நாய் காலை உரசிக்கிட்டு ஓடியிருக்கு. கடிக்கல. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினான். டாக்டர் ரெண்டு காலையும் பாத்துட்டு, காயமே இல்ல, ஊசி தேவையில்லன்னு அனுப்பிட்டாரு. அதோட முடிஞ்சிருக்கணும்.

முடியல. முதல்ல காலை மட்டும் கழுவினான். பிறகு செருப்பு. செருப்பைத் தொட்ட கை. அந்தக் கையால திறந்த பைப்பு. பைப்பை மூடினா கை மறுபடி அழுக்காயிருச்சாம், அதனால முழங்கையால மூடுவான், பிறகு முழங்கை. ஏழு தரம் கழுவணும், அஞ்சா ஆறான்னு சந்தேகம் வந்தா ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பான். ஒரு லைஃப்போய் கட்டி ரெண்டு நாள் தாங்காது. இப்ப வெயில் காலம், எல்லாரும் தண்ணி பிடிக்கிற பீலியில தண்ணி நூல் மாதிரி விழுது. காலையில அஞ்சு மணிக்கு, பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதியுறதுக்கு) முன்னால, பொம்பளைங்க கேனோட வரிசையில நிக்கிறாங்க. இவன் முன்னால நின்னுக்கிட்டு நகர மாட்டேங்கிறான். போன கிழமை ஒரு அக்கா கேனைத் தூக்கி எறிஞ்சே விட்டுச்சு. அன்னைக்கு அம்மா பிரட்டுக்குப் பிந்திப் போய் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்துச்சு.

இன்னொண்ணு, கேள்வி. "அக்கா, அந்த நாய் என்னைக் கீறலையே?" "இந்தக் கோடு முன்னால இருந்துச்சா?" "தெரியாமலே கடிச்சிருந்தா?" நான் "இல்லடா, ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லுவேன். அஞ்சு நிமிசம் முகம் தெளியும். பிறகு திரும்பக் கேப்பான். நேத்து எண்ணிப் பாத்தேன், தூங்கும் வரைக்கும் 43 தரம்.

அவனுக்கே தெரியுது. "இது பைத்தியக்காரத்தனம்னு எனக்கு விளங்குது அக்கா, ஆனா விட முடியல"ன்னு அழுவுறான். மாமா கோடாங்கியைக் கூட்டிட்டு வரணும்னு நிக்கிறாரு. நான் போன்ல தேடினதுல ஓசிடின்னு ஒரு மனநோய் பேர் வருது. அதுதானா? என்ன செய்யுறது?


தேயிலைத்தூள்
பெப்ரவரி 11, இரவு 10.20

படிச்ச பிள்ளைகளுக்கு வர்ற வியாதி. நாலு நாள் மலைக்கு அனுப்புங்க. அட்டை கடிச்சு, மழையில நனைஞ்சு, கொழுந்துக் கூடையைச் சுமந்தா கை கழுவ நேரம் இருக்காது. எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் ஏது?


பீலிக்கரை
பெப்ரவரி 11, இரவு 10.31

அண்ணே, லீவு நாள்ல அம்மாவோட மலைக்குப் போனவன்தான். இப்ப போனா கொழுந்து மடுவத்துல படுத்திருக்குற நாயைப் பாத்துட்டு மூணு மலையைச் சுத்திட்டு வாறான்.


வெள்ளைத்தொப்பி
பெப்ரவரி 12, காலை 6.05

நான் மலைநாட்டில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் நேர்ஸ். பல வருஷம் மனநலக் கிளினிக்கில் இருந்தவள். பார்க்காமல் யாரும் வருத்தத்துக்கு, அதாவது நோய்க்கு, பேர் வைக்கக்கூடாது, நானும் வைக்கவில்லை. ஆனால் தங்கச்சி எழுதியதைப் படித்தால் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஓசிடி என்பது சுத்தம் பார்க்கிற குணம் இல்லை. கூப்பிடாமலே ஒரு எண்ணம் வரும். அது மனதைப் பிசையும். அந்தப் பிசைவு தீர ஒரு காரியம் செய்தாக வேண்டும்: கழுவுவது, பார்ப்பது, எண்ணுவது, கேட்பது. செய்ததும் கொஞ்சம் சுகம். அந்தச் சுகம்தான் அடுத்த சுற்றுக்கு வழி விடுகிறது. ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இதிலேயே போகிறது, அல்லது வேலை, படிப்பு, வீடு கெடுகிறது என்றால் டாக்டர் பார்க்க வேண்டிய கட்டம். நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இதில் மாட்டுகிறார்கள். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் அதிகம் தலை தூக்கும். தாத்தா காலத்திலும் இருந்திருக்கும். "கிறுக்கு" என்று சொல்லி ஒதுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.

நாய் விஷயத்தில் ஒன்று. நீர்வெறுப்பு நோய் (ரேபிஸ்) விளையாட்டில்லை. கடி, கீறல், திறந்த காயத்தில் நக்கல், கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது என்றால் உடனே சவுக்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஊசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். காயமில்லாத தோலில் நாய் உரசினால் அந்த நோய் வராது. ஆனால் இதைத் தம்பிக்கு நூறாவது தடவை விளக்காதீர்கள். அவருக்கு இது நம்மை விட நன்றாகத் தெரியும்.


பீலிக்கரை
பெப்ரவரி 12, காலை 6.40

அக்கா, விளக்காம இருந்தா அவன் பயந்துருவானே?


வெள்ளைத்தொப்பி
பெப்ரவரி 12, பகல் 1.15

பயப்படுவார். விளக்கினாலும் பயப்படுகிறாரே, 43 தரம். நீங்கள் சொல்லும் "இல்லடா" இருக்கிறதே, அது அவருக்கு இன்னொரு கை கழுவல். அவருடைய கை பீலியில் கழுவுகிறது, மனசு உங்களிடம் வந்து கழுவிக்கொண்டு போகிறது. கோபத்தில் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், அது கொடுமை. அவரோடு உட்கார்ந்து பேசி, அவர் சம்மதத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். முதலில் டாக்டர்.


கவ்வாத்துக்காரன்
பெப்ரவரி 12, இரவு 8.47

தங்கச்சி, நான் பொகவந்தலாவைப் பக்கம். இதை வெளியில எழுதுறது இதுதான் முதல் தரம். கொஞ்சம் நீளமா இருக்கும்.

எனக்குக் கழுவுற வருத்தம் இல்ல. வீட்டுல எல்லாம் தாறுமாறாத்தான் கிடக்கும். அதனாலேயே எனக்கு ஓசிடின்னு யாரும் நினைக்கல, நானும் நினைக்கல. 2013ல தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருந்தோம். பக்கத்து நிரையில மச்சான், எனக்கு உசிருக்கு உசிரானவன், குனிஞ்சு வெட்டிக்கிட்டு இருந்தான். பனியனுக்கு மேல பிடரி தெரிஞ்சுச்சு. அப்ப மனசுக்குள்ள ஒண்ணு வந்துச்சு: இந்தக் கத்தியை அங்க போட்டா என்ன ஆகும்?

அவ்வளவுதான். கத்தி கையை விட்டு விழுந்துருச்சு. வேர்த்துப் போச்சு. தண்ணி குடிச்சிட்டு வந்தேன், திரும்பவும் அதே. அன்னைக்கு ராத்திரி எல்லாம் ஒரே யோசனை, நான் கொலைகாரனா? அப்படி இல்லாட்டி ஏன் அப்படி ஒரு நினைப்பு வரணும்? கவ்வாத்துச் சாமி கல்லுக்குப் போய்த் தேங்காய் உடைச்சேன். நினைப்பு வரும்போதெல்லாம் "முருகா" 21 தரம் மனசுக்குள்ள சொல்லணும்னு ஒரு கணக்கு வச்சேன். நடுவுல நினைப்பு குறுக்க வந்தா திரும்ப ஒண்ணுல இருந்து. உங்க தம்பி பீலியில செய்யுறதை நான் வாயைத் திறக்காமச் செஞ்சேன், ஒருத்தருக்கும் தெரியாது.

வீட்டுல இருந்த கத்தி எல்லாத்தையும் அரிசி டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வச்சேன். பெஞ்சாதி வெங்காயம் வெட்டினா நான் வெளிய போயிருவேன். கங்காணிக்கிட்ட பொய் சொல்லிக் கவ்வாத்தை விட்டுட்டுப் கத்தி பிடிக்காத வேலையாப் பாத்துக் கேட்டேன். ராத்திரி படுத்தா பெஞ்சாதியை எழுப்பி "நான் இன்னைக்கு யாரையும் ஒண்ணும் செய்யலையே?"ன்னு கேப்பேன். அவ பாவம், தூக்கத்துலயே "இல்ல, படுங்க"ன்னு சொல்லும்.

ரெண்டு வருசம் இப்படி. ஒரு பிரைவேட் டிஸ்பென்சரியில நித்திரை மாத்திரை தந்து அனுப்பினாங்க, தூங்கினேன், முழிச்சா அதே கத்தி. கடைசியா அரசாங்கக் கிளினிக்குல ஒரு லேடி டாக்டர். பொலிசுக்குச் சொல்லிருவாங்கன்னு பயந்து பயந்துதான் சொன்னேன். அவங்க கேட்ட முதல் கேள்வி இன்னும் காதுல இருக்கு. "அந்த நினைப்பு வந்தா உங்களுக்குச் சந்தோசமா இருக்கா, அருவருப்பா இருக்கா?" அருவருப்புன்னேன். "அதான் வருத்தம். செய்யப் போறவன் கத்தியை ஒளிச்சு வைக்க மாட்டான்"ன்னு சொன்னாங்க. எனக்கு அங்கேயே அழுகை வந்துருச்சு.

ஆனா பிறகு அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி நான் கேட்டப்ப அவங்க சொல்லல. ஒரு தரம் சொன்னாச்சு, போதும்னுட்டாங்க.

மாத்திரையோட பயிற்சியும் தந்தாங்க. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதேன்னு வைத்தியர் சொன்ன கதை நம்ம எல்லாருக்கும் தெரியும்தானே? நீங்க குரங்கை விரட்டிக்கிட்டே இருக்கீங்க, அதான் அது போகலன்னாங்க. வரட்டும், உக்காரட்டும், நீங்க மருந்தைக் குடிங்க.

பயத்துக்கு 100 மார்க் போட்டு ஒரு படிக்கட்டு எழுதினோம். கத்தின்னு தாள்ல எழுதுறது 20. கத்தியை மேசையில வச்சுட்டுத் தேத்தண்ணி குடிக்கிறது 45. பெஞ்சாதி பக்கத்துல இருக்கக் கிழங்கு சீவுறது 70. மச்சானோட நிரையில கவ்வாத்து வெட்டுறது 100.

அந்தக் கிழங்கு நாளைச் சொல்றேன். பெஞ்சாதி பலகையில உக்காந்து போஞ்சிக்கு நார் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. நான் ஒரு கை தூரத்துல. கத்திப்பிடி வேர்வையில வழுக்குது. தோலை மெல்லிசா எடுக்க முடியல, கிழங்குல பாதி தோலோட போவுது. நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேக்குது. "முருகா" சொல்லக்கூடாது, அதுதான் விதி. "செய்ய மாட்டேன்"னும் சொல்லக்கூடாது. செஞ்சாலும் செய்வேனோ என்னவோ, தெரியலன்னு விட்டுட்டுச் சீவணும். கேத்தல் கொதிச்சு மூடி ஆடுது, எந்திரிச்சு இறக்கிட்டுக் கத்தியை வச்சுரலாம்னு ஆசை. எந்திரிக்கல. அரை மணித்தியாலம் கடந்து, கிழங்கு ஒரு கிலோ முடியுற நேரம், பயம் 40 கிட்ட வந்துருச்சு. யாரும் அதை இறக்கல, தானாத்தான் இறங்குச்சு. சில நாள் இறங்காமலே இருந்துருக்கு, அதோடயே சோறு தின்னுருக்கேன்.

மச்சான் நிரைக்குப் போக எட்டு மாசம் ஆச்சு. இப்பவும் கத்தியைப் பிடிக்கிறேன். நினைப்பும் எப்பவாச்சும் வரும்.


பேராதனைப்பறவை
பெப்ரவரி 13, காலை 11.30

அண்ணே, படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல. நான் உளவியல் படிக்கிறேன்.

நீங்க "அப்படி ஒரு நினைப்பு ஏன் வரணும்"னு கேட்டீங்களே, அந்தக் கேள்விக்குப் பதில் தேடினவர்ல ஒருத்தர் நம்ம நாட்டுக்காரர். பத்மால் டி சில்வா, இலங்கையில இருந்து லண்டனுக்குப் போய் வேலை செஞ்ச உளவியலாளர். 1978ல அவரும் ராக்மன்கிற உளவியலாளரும் சேர்ந்து, எந்த வருத்தமும் இல்லாத சாதாரண ஆட்கள்கிட்ட இப்படி வேண்டாத எண்ணங்கள் வருதான்னு கேட்டாங்க. 80 வீதம் போல ஆமான்னாங்க. குழந்தையைக் கீழ போடுறது, ஓடுற ரயிலுக்கு முன்னால குதிக்கிறது, சாமி சந்நிதியில கெட்ட வார்த்தை, எல்லாம். எண்ணத்துல பெரிய வித்தியாசம் இல்ல. மத்தவங்க "சீ"ன்னுட்டு அடுத்த வேலையைப் பாக்குறாங்க. ஓசிடி உள்ளவர் அந்த எண்ணத்தைப் பிடிச்சு வச்சு விசாரணை நடத்துறார்.

கவ்வாத்து அண்ணன் செஞ்ச பயிற்சிக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1966ல லண்டன்ல விக்டர் மேயர்னு ஒருத்தர் ரெண்டு நோயாளிகளைப் பத்தி எழுதினார். அதுக்கு முன்னால இது தீராத வருத்தம்னு கைவிட்டிருந்தாங்க. மேயர் என்ன செஞ்சார்னா, பயப்படுற பொருளைத் தொட வச்சிட்டு, பிறகு கழுவ விடல. வார்டுல நேர்ஸ்மார் கூடவே இருந்தாங்க, பைப்புத் தண்ணியைக் கூட மூடிட்டாங்க. இன்னைக்கும் ஓசிடிக்குப் பேச்சு வைத்தியத்துல முதல் இடம் அதுக்குத்தான், பயத்துக்கு முன்னால நிக்கிறது, சடங்கைச் செய்யாம இருக்கிறது.


டிக்கோயாப்பொடியன்
பெப்ரவரி 13, பகல் 12.02

பைப்பை மூடினா வைத்தியமா? அப்படின்னா எங்க தோட்டத்துல ஜனவரியில இருந்து எல்லாருக்கும் இலவச வைத்தியம். தண்ணி பௌசர் கிழமைக்கு ஒரு தரம் வருது 😂


பீலிக்கரை
பெப்ரவரி 13, பகல் 12.40

சிரிச்சிட்டேன், பல நாளைக்குப் பிறகு. ஆனா தம்பி பொடியன், போன மாசம் மூணு நாள் தண்ணி சுத்தமா நின்னுச்சு. இவன் டெட்டோல் போத்தலைத் துணியில ஊத்தி உரசி உரசிக் காலெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு. பிறகு அந்த உரிஞ்ச இடத்தைக் காட்டி "இது நாய் கீறினதா?"ன்னு கேக்குறான்.


வெள்ளைத்தொப்பி
பெப்ரவரி 13, மாலை 5.18

இது முக்கியமான இடம். தண்ணீர் இல்லாமல் கழுவாதது வேறு, தண்ணீர் இருக்கும்போது தானே முடிவு எடுத்துக் கழுவாமல் இருப்பது வேறு. முதலாவதில் மூளை ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை, தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கும். அதனால் வீட்டில் பைப்பைப் பூட்டுவது, சவுக்காரத்தை ஒளிப்பது, பீலியில் காவலுக்கு நின்று எண்ணுவது எதுவும் வேண்டாம். மேயர் காலத்து முறையை இப்போது அப்படிச் செய்வதும் இல்லை. நோயாளி படிக்கட்டைத் தானே எழுதுவார், தானே ஏறுவார்.

மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளுஒக்ஸிடின், செர்ட்ரலின், புளுவொக்ஸமின் போன்றவைதான் முதலில் தருவார்கள். மனச்சோர்வுக்கும் இதே மாத்திரைதான், ஆனால் ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடிய அளவு தேவைப்படும். பிளுஒக்ஸிடின் 20 மில்லிகிராமில் தொடங்கி 60 வரை போவது சாதாரணம். குளோமிப்ரமின் பழைய மருந்து, நன்றாக வேலை செய்யும், வாய் உலரும், மலம் இறுகும், இதயத்தையும் பார்த்துத்தான் தருவார்கள். பலன் தெரிய 8 முதல் 12 கிழமை (வாரம்) ஆகலாம். இங்கேதான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கிழமை குடித்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று நிறுத்துவது, அல்லது சுகமானதும் ஒரே நாளில் நிறுத்துவது. சுகம் கண்ட பிறகும் குறைந்தது ஒரு வருஷம் எடுக்கச் சொல்வார்கள். ஆரம்பத்தில் குமட்டல், தூக்கக் குழப்பம், படபடப்பு வரலாம். தம்பிக்கு 25 வயதுக்குக் குறைவு, அதனால் முதல் கிழமைகளில் சாக வேண்டும் என்ற பேச்சோ வழக்கத்துக்கு மாறான பதற்றமோ தெரிந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம்.

அவசரமாகப் பேச ஆள் வேண்டுமென்றால் 1926. அங்கொடை என்று நாம் சொல்லிப் பழகிய தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.


ரோதைமுனி
பெப்ரவரி 14, காலை 7.10

எல்லாரும் மருந்து மருந்துன்னு சொல்றீங்க. நம்ம ஆளுங்களுக்குச் சாமியும் வேணும். எங்க சித்தப்பா பொண்ணுக்கு இதே மாதிரி, கோடாங்கி பாத்து நூல் கட்டி ஒரு மாசம் நல்லா இருந்துச்சு.


கவ்வாத்துக்காரன்
பெப்ரவரி 14, காலை 7.55

அந்த ஒரு மாசத்துக்குப் பிறகு?


ரோதைமுனி
பெப்ரவரி 14, காலை 8.20

பிறகு நூல் அவிழ்ந்துருச்சோன்னு மணிக்கொரு தரம் பாக்க ஆரம்பிச்சுச்சு. அதுவும் உண்மைதான்.


கவ்வாத்துக்காரன்
பெப்ரவரி 14, காலை 8.41

அண்ணே, நானும் சாமி கும்பிடுறவன்தான். இன்னைக்கும் முதல் செடி வெட்டும்போது கவ்வாத்துச் சாமிக்குச் சூடம் கொளுத்திட்டுத்தான் வெட்டுவேன். ஒரு தரம். அந்த 21 இருக்கே, அது கும்பிடு இல்ல, கடன் கட்டுற மாதிரி. கும்பிட்டா மனசு லேசாகணும், எனக்கு எண்ணிக்கை தப்பினா வயிறு எரியும். கோடாங்கி வரட்டும், மாமா மனசு ஆறும். கிளினிக் நாளை மட்டும் அதுக்காகத் தள்ளாதீங்க.


மெல்லியமழை
பெப்ரவரி 16, இரவு 11.48

நான் இங்க எழுதுறதே இல்ல, வாசிச்சிட்டுப் போறவ. ரெண்டாவது பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் முடிஞ்ச கிழமை, குளிப்பாட்டும்போது தண்ணிக்குள்ள விட்டுருவேனோன்னு ஒரு நினைப்பு. அதோட மாமியார்கிட்ட பிள்ளையைக் குடுத்துட்டேன். எனக்குக் காய்ச்சல், கை வலி, ஏதாவது ஒரு சாட்டு. பால் குடுக்குற நேரம் தவிர தூக்கல. சொன்னா பிள்ளையைப் பறிச்சிருவாங்கன்னு நினைச்சேன். பிள்ளைக்கு இப்ப நாலு வயசு. கவ்வாத்து அண்ணா, இதுக்குப் பேர் இருக்குன்னு உங்க எழுத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன். இப்பவும் கிணத்துப் பக்கம் அவளைக் கூட்டிட்டுப் போறதில்ல.


வெள்ளைத்தொப்பி
பெப்ரவரி 17, காலை 5.50

தங்கச்சி, நாலு வருஷம் தனியே சுமந்திருக்கிறீர்கள். பிள்ளைப்பேறுக்குப் பிறகு இது வருவது உண்டு, நன்றாகக் குணமாகிறது. கிளினிக்கில் இதைச் சொன்னால் பிள்ளையைப் பறிக்க மாட்டார்கள், பிள்ளையை உங்கள் கையில் திரும்பத் தரத்தான் பார்ப்பார்கள். உங்கள் மிட்வைஃபிடம் சொன்னாலே வழி காட்டுவார்.

வாசிக்கிற மற்றவர்களுக்கு: பிள்ளை பெற்ற தாய் தூக்கமே இல்லாமல், குழம்பிப் பேசி, யாரோ சொல்கிற குரல் கேட்கிறது, பிள்ளையில் பேய் இருக்கிறது என்று நம்பினால் அது வேறு வருத்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இந்தத் தங்கச்சியுடையது அது இல்லை. அவர் அந்த எண்ணத்தைக் கண்டு நடுங்குகிறார்.


பீலிக்கரை
மார்ச் 8, இரவு 8.30

போயிட்டு வந்தோம். அம்மாவுக்கு ஒரு நாள் பேர் போச்சு, எனக்கு ஒரு நாள் லீவு. காலையில ஆறு மணிக்கு நம்பர் எடுத்து, டாக்டர் முகத்தைப் பாக்கப் பதினொண்ணு. அம்மா இருக்கும் வரைக்கும் தம்பி வாயே திறக்கல. அம்மாவை வெளிய இருக்கச் சொன்னதும் கொட்டிட்டான். எனக்குத் தெரியாதது கூட இருந்துச்சு: கடையில ரிப்பேருக்கு வர்ற போன்ல நாய்ப் படம் இருந்தா அந்தப் போனைத் தொடாம முதலாளிக்கிட்ட தள்ளிவிடுவானாம்.

ஓசிடிதான். பத்துக் கேள்வி கேட்டு 40க்கு மார்க் போட்டாங்க, கூடினா வருத்தம் கூட, இவனுக்கு 29. பிளுஒக்ஸிடின் 20.

அவனும் நானும் ஒப்பந்தம் எழுதினோம், கலண்டர் தாளுக்குப் பின்பக்கம். கேள்வி கேட்டா காலையில ஒரு தரம் பதில். பிறகு கேட்டா நான் சொல்ல வேண்டியது: "நாம பேசி வச்சோம்தானே, இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன், வா தேத்தண்ணி குடிப்போம்." அவனே எழுதினான், அவனே கையெழுத்து வச்சான். மூணாவது நாள் ராத்திரி கதவை உதைச்சான். "நீயெல்லாம் ஒரு அக்காவா"ன்னான். பக்கத்துக் காம்பராவுல லைட்டைப் போட்டுட்டாங்க. எனக்குத் தாங்கல, "இல்லடா, கீறல"ன்னு சொல்லிட்டேன். எல்லாம் கெட்டுப் போச்சா?


வெள்ளைத்தொப்பி
மார்ச் 8, இரவு 9.02

ஒன்றும் கெடவில்லை. ஒரு நாள் தவறினது. நாளைக்குக் காலையில் அதே தாள். கோபம் வந்தால் பதிலுக்குக் கோபப்படாமல் அந்த ஒரு வசனத்தோடு நிற்கப் பாருங்கள். ஒரு கேள்வி: நீங்கள் பீலிப் பக்கம் எட்டிப் பார்க்கிறீர்களா?


பீலிக்கரை
மார்ச் 8, இரவு 9.10

பாக்குறேன். ஜன்னல்ல இருந்து. நாளைக்கு இருபது தரமாவது.


வெள்ளைத்தொப்பி
மார்ச் 8, இரவு 9.14

அதையும் கலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள்.


தேயிலைத்தூள்
மார்ச் 9, காலை 6.30

முதல் பதில் போட்டவன் நான்தான். மலைக்கு அனுப்புங்கன்னு. விடுங்க. தம்பிக்கு எப்படி இருக்கு?


பீலிக்கரை
ஏப்ரல் 26, இரவு 9.15

வருசப் பிறப்பு முடிஞ்சுது. மாத்திரை 40 ஆக்கிட்டாங்க. முதல் ரெண்டு கிழமை வாந்தி வர்ற மாதிரின்னு சொன்னான், பிறகு இல்ல. அஞ்சாறு கிழமை ஒரு வித்தியாசமும் இல்ல, விட்டுரலாம்னு மாமா சொன்னாரு. நீங்க 12 கிழமைன்னு எழுதினதைக் காட்டினேன்.

படிக்கட்டு அவனே எழுதினது: போன்ல நாய்ப் படம் பாக்குறது 25. பிள்ளைக்காம்பரா (பிள்ளைகளைப் பாத்துக்குற இடம்) வாசல்ல படுத்திருக்குற கிழட்டு நாயைக் கடந்து போறது 50. அது சாய்ஞ்சு படுக்குற சுவரைத் தொட்டுட்டு ஒரு மணித்தியாலம் கழுவாம இருக்குறது 75. அதே கையால ரொட்டி சாப்பிடுறது 90. நாயைத் தொடுறது 100. டாக்டர் ஒரு விதி போட்டுத் தந்தாங்க. கண்ணுக்குத் தெரியுற கடியோ கீறலோ இருந்தா ஆஸ்பத்திரி. தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தா அது ஓசிடி.

இப்ப 50ல நிக்கிறான். கேள்வி நாளைக்குப் பதினஞ்சு போல.


கவ்வாத்துக்காரன்
ஏப்ரல் 26, இரவு 9.40

50 நல்ல இடம். அங்கேயே நாலு நாள் போரடிக்கும் வரைக்கும் நடக்கச் சொல்லுங்க.


மெல்லியமழை
மே 3, இரவு 10.22

மிட்வைஃப்கிட்ட சொன்னேன். அவங்க ஆச்சரியப்படவே இல்ல.


பீலிக்கரை
ஜூன் 14, இரவு 8.05

மழை பிடிச்சிருச்சு. பீலி பொங்கி வாசல் வரைக்கும் தண்ணி. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு, இனி கழுவ யாரும் தடுக்க மாட்டாங்க, வரிசையும் இல்ல, சண்டையும் இல்ல. முதல் கிழமை கூடத்தான் செஞ்சுது. பிறகு பழையபடி குறைஞ்சுது. மார்க் இப்ப 17. கடைக்கு ஒழுங்காப் போறான், முழங்கால் வரைக்கும் கழுவுறது மட்டும் இன்னும் விடல.

இன்னைக்கு ஞாயிறு. நனைஞ்சுக்கிட்டே போய் பிள்ளைக்காம்பராச் சுவரைத் தொட்டுட்டு வந்தான். சுவர் எல்லாம் ஈரம், நாய் மயிர் ஒட்டியிருக்குற இடமாப் பாத்து உள்ளங்கையை வச்சானாம். கை ரெண்டையும் வயித்துக்கு முன்னால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆபரேசன் செய்யுற டாக்டர் மாதிரி, அடுப்படியில வந்து நின்னான்.


கவ்வாத்துக்காரன்
ஜூன் 14, இரவு 8.12

அந்தக் கையோட ரொட்டி சாப்பிட்டானா?


பீலிக்கரை
ஜூன் 14, இரவு 8.20

சாப்பிட்டான். தேங்காய்ச் சம்பலோட ரெண்டு. மூணாவதைப் பிச்சு வாய்க்குக் கொண்டு போனவன், தட்டுல வச்சிட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டான். பீலிக்குப் போனானா, வெறுமனே நின்னானா தெரியல. சாரல் உள்ள அடிச்சுது, ஜன்னலைச் சாத்திட்டேன்.